எங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று கேளுங்கள்

ராணுவ மனைவியர் நலச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், ராணுவ நலக் கல்விச் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு ஹவில்தாரின் மனைவி, நாயக்காக ஓய்வு பெற்ற ஒருவரின் மகள். கண்ணமங்கலத்தை ஒட்டிய கிராமம். பக்கத்திலிருக்கும் கம்மவான்பேட்டையை இந்தச் சுற்றுவட்டாரத்தில் 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. எங்கள் ஊரும் கிட்டத்தட்ட அப்படித்தான். வெள்ளை எழுத்தில் பெயரும் நம்பரும் எழுதிய கருப்பு டிரங்குப் பெட்டி பல வீடுகளில் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஒன்று அப்பாவுடையது, ஒன்று என் கணவருடையது.

இந்த மடலை நான் அப்பாவின் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பாவின் இன்லேண்டு கடிதங்கள் '56 ஏபிஓ' என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து வரும். எந்த ஊர், எந்த மலை என்று அந்த எண்ணில் தெரியாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆரம்பத்தில் தபால்காரரே வாசலில் நின்று வாசித்துச் சொல்லிவிட்டுப் போவார். அவர் வாசிக்கும்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டே கேட்பார். புருஷன் பொண்டாட்டி விஷயம் ஒரு வேற்று ஆளின் வாயில் வருவது எவ்வளவு சங்கடம் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. நான் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம் அம்மா கடிதத்தை என் கையில் கொடுத்து, "நீ படி கண்ணு" என்றார். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். 'நலம், நலமறிய அவா' என்ற வரிதான் என் வாழ்க்கையில் நான் தடையில்லாமல் வாசித்த முதல் வரி. எல்லாக் கடிதத்திலும் அது இருக்கும் என்பதால் அது வந்துவிட்டது. அடுத்த வரிக்கு மெதுவாக, தடவித் தடவி வருவேன். அம்மா அவசரப்படுத்தமாட்டார். ஒரு கடிதத்தை நாலு தடவை படிக்கச் சொல்வார். நாலாவது தடவை சரளமாக வந்துவிடும்.

எனக்கு வாசிப்பு வந்தது பள்ளிக்கூடத்தில் பாதி, அந்த 56 ஏபிஓ கடிதங்களில் பாதி. அப்பா ஊரில் இல்லாததே நான் வாசிக்கக் காரணமாக இருந்தது. அதை நினைத்துத்தான் என் மகன் விஷயத்தில் நான் அசட்டையாக இருந்துவிட்டேன்.

என் மகன் 2020-இல் ஒன்றாம் வகுப்பு. அது கொரோனா வருடம். குவார்ட்டர்ஸ் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில்தான் ஒன்றாம் வகுப்பை முடித்தான். இரண்டாம் வகுப்பு அதே வட இந்தியக் கன்டோன்மென்டில். இந்தியும் ஆங்கிலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட ஆரம்பித்தது. பேச்சில் மட்டும் கெட்டிக்காரன். பக்கத்து வீட்டுப் பீகார்ப் பிள்ளைகளோடு அவர்கள் மாதிரியே பேசுவான். 2022-இல் என் கணவருக்கு பீல்டு போஸ்டிங் வந்தது, அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத எல்லைப் பணி. லே பக்கம். அவர் ஏஎஸ்சி என்ற ராணுவச் சரக்குப் பிரிவில் டிரைவர். பனி விழுந்து சோஜிலா கணவாய் மூடுவதற்குள் குளிர்காலத்துக்கு வேண்டிய சாமான்களை மேலே ஏற்றும் வேலை. நாங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தோம். டி.சி. வாங்கி இங்கே ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன்.

அவனுக்கு 'அ' தெரியாது. 'க' தெரியாது. வீட்டில் முழுக்க முழுக்கத் தமிழ்தான் பேசினோம், ஆனால் எழுத்தை நான் காட்டவே இல்லை. ஏற்கெனவே இரண்டு எழுத்துமுறை படிக்கிறானே, குழம்பிப்போவான் என்று விட்டுவிட்டேன். ஊருக்கு வந்தபோது இந்தியில் மூன்றெழுத்துச் சொல்லைக் கூட்டுவான், ஆங்கிலத்தில் படம் பார்த்து ஊகிப்பான், தமிழில் ஒன்றுமில்லை. எட்டு வயதில் மூன்று மொழி தெரிந்த பிள்ளை, ஒரு மொழியிலும் ஒரு பத்தி வாசிக்க முடியாத பிள்ளை. அவனுக்கு மூளை கொஞ்சம் மந்தம் என்று வகுப்பில் அவன் காதுபடவே ஒருவர் சொன்னார். யார், எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமில்லை. அதற்கப்புறம் தினமும் காலையில் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது.

போனில் அவன் அப்பா, "நல்லா படிக்கிறியாடா?" என்று கேட்பார். "ம்" என்பான். அதற்கு மேல் பேச்சு இருக்காது. சிக்னல் கிடைப்பதே அபூர்வம், கிடைத்த ஐந்து நிமிடத்தில் பிள்ளை "ம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? என்னிடம் கேட்பார். நானும் "படிக்கிறான்" என்றே சொல்வேன். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவரிடம் வேறு எதைச் சொல்வது? ராணுவ வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த பொய் இது. அவர் அங்கே எல்லாம் சரி என்பார், நாங்கள் இங்கே எல்லாம் சரி என்போம்.

வாசிக்கத் தெரியாத ஒரு சின்ன விஷயம் எங்கள் மூன்று பேரையும் மூன்று மூலையில் உட்கார வைத்துவிட்டது. உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான். பிள்ளையின் வாசிப்பைக் கல்விக் கணக்கிலும், குடும்ப நலத்தை வேறு கணக்கிலும் வைத்திருக்கிறோம். எங்கள் வீடுகளில் இரண்டும் ஒரே கணக்கு.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் வட கரோலினா, வாஷிங்டன் மாநிலங்களின் பள்ளி மதிப்பெண்களையும், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் போர்முனையில் இருந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 19 மாதமோ அதற்கு மேலோ பெற்றோர் வெளியே இருந்த பிள்ளைகளின் மதிப்பெண், குறைவாகப் பிரிந்திருந்தவர்களையும் பிரியாதவர்களையும் விடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. எத்தனை தடவை போனார் என்பதைவிட, மொத்தம் எத்தனை மாதம் இல்லை என்பதுதான் கணக்கில் வந்தது. எங்களவர்கள் ஒரு பீல்டு போஸ்டிங்கில் ஏறக்குறைய இரண்டு வருடம் போகிறார்கள். நடுவில் 60 நாள் ஆண்டு விடுப்பும், 30 நாள் கேஷுவலும் துண்டு துண்டாகக் கிடைக்கும். பதினேழு வருட சர்வீஸில் அவர் எத்தனை மாதம் வீட்டில் இல்லை என்று கூட்டிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம். தங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளை ராணுவக் குடும்பம், யாருடைய அப்பா இப்போது போர்முனையில் என்பது பல பள்ளிகளுக்குத் தெரியாமலே இருக்கிறது என்று அந்த ஊர் ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு என் மகனின் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. அவனை மந்தம் என்று சொன்னவருக்கு அவன் எங்கிருந்து வந்தான், எந்த எழுத்தில் படித்தான், அவன் அப்பா எங்கே என்று ஒன்றும் தெரியாது. நானும் போய்ச் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய வருடம், 2010-இல், அதே ஆய்வாளர்களில் சிலர் 11 முதல் 17 வயது வரையுள்ள 1,500-க்கும் மேற்பட்ட ராணுவப் பிள்ளைகளையும், வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களையும் கேட்டு எழுதிய ஆய்வு வந்தது. பிள்ளை படும் பாடு இரண்டு விஷயங்களோடு சேர்ந்து கூடியது. பிரிவு எத்தனை மாதம் என்பது ஒன்று. வீட்டில் இருக்கும் தாயோ தந்தையோ மனதளவில் எப்படி இருக்கிறார் என்பது மற்றொன்று. வீட்டில் இருப்பவர் சோர்ந்தால் பிள்ளையும் சோர்கிறது. அப்பா திரும்பி வந்த பிறகும் அது தொடர்கிறது. அவர்களுடைய போர் வேறு, எங்கள் எல்லைக் காவல் வேறு என்பது தெரியும். ஆனாலும் நான் இருந்த குவார்ட்டர்ஸ்களில் பார்த்ததை அந்த வரிகளில் அப்படியே பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பீகார்ப் பெண் ஒருத்தி. புருஷன் பீல்டில். நாலாம் வகுப்புப் பெண் பிள்ளை. பள்ளி டைரி ஆங்கிலத்தில் வரும். அவளுக்கு அது படிக்கத் தெரியாது. என்னிடம் கேட்க வெட்கம். என் மகனுக்கு ஒரு லட்டு கொடுத்து, அவனிடம் டைரியைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கு பேட்டா?" என்று கேட்பாளாம். அவனுக்கும் படிக்கத் தெரியாது. ஏதோ சொல்லிவிட்டு லட்டைத் தின்றுவிட்டு வந்திருக்கிறான். ஒரு நாள் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி தாண்டிப்போய் அவள் அழுதபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர்தான். அவளுடைய இந்தியும் என்னுடைய அரைகுறை இந்தியும் சேர்ந்தால் வேண்டிய அளவுக்குப் பேசிக்கொள்ளலாம். இருந்தும் இதைப் பேசவில்லை.

'ஆவா' என்று நாங்கள் சொல்லும் ராணுவ மனைவியர் நலச் சங்கத்தின் கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். 1966-லிருந்து நடக்கும் சங்கம். தையல், மருத்துவ முகாம், வீர நாரிகள் எனப்படும், கணவனைப் படைப் பணியில் இழந்த பெண்களுக்கான உதவி என்று அங்கே நடக்கும் வேலைகள் எங்களுக்குத் தெரியும். 'ஏதாவது குறை இருக்கிறதா?' என்று மேம்சாப், அதாவது அதிகாரியின் மனைவி, கேட்பார்கள். குழாயில் தண்ணீர் வராததைச் சொல்வோம், குவார்ட்டர்ஸ் ஒழுகுவதைச் சொல்வோம். 'என் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை' என்று நான் எழுந்து சொன்னதில்லை. யாரும் சொல்லி நான் கேட்டதுமில்லை. அது குறைகளின் வரிசையில் வரும் விஷயமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. நீங்களாகக் கேட்டால்தான் இது வெளியே வரும்.

சரி, என் மகன் கதைக்கு வருகிறேன்.

ஊரில் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அவனை மாற்றினேன். அந்த வருடம்தான் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை வயதைப் பார்க்காமல், என்ன தெரிகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று உட்கார வைத்தார்கள். இவன் அரும்பு. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வெட்கப்படாதீங்க, இவனை மாதிரி நிறைய பேர் இருக்காங்க" என்றார். அது ஆறுதலுக்குச் சொன்ன பேச்சில்லை. நாடு முழுக்கக் கிராமப்புற வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் ஏசர் கணக்கெடுப்பில், 2022-இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 20.5 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. 2024-இல் அது 27.1 சதவீதமானது.

பள்ளி ஒரு பக்கம் இழுத்தது. வீட்டில் இழுத்தது என் அப்பாவின் பெட்டி. மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து கடிதங்களைக் காய வைத்தபோது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். வாசித்துக் காட்டினேன். தாத்தா பனியில் கால் மரத்துப்போனதைப் பற்றி எழுதியிருந்தார். "எங்கப்பா ஏன் எனக்கு லெட்டர் போடல?" என்று கேட்டான்.

அன்று ராத்திரி பதினாறு பக்கச் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். கிணற்றில் விழுந்த பூனையைப் பற்றிய கதை. 'நேரம் கிடைக்கும்போது இதை வாசித்து, குரலைப் பதிவு பண்ணி அனுப்புங்க' என்று எழுதினேன். பதினோரு நாள் பதில் இல்லை. அவர் கீழே இறங்கிச் சிக்னல் கிடைத்த அன்று நாலரை நிமிடப் பதிவு வந்து விழுந்தது. பின்னால் காற்றுச் சத்தம், குளிர்காயும் புகாரி அடுப்பின் உறுமல், யாரோ இருமும் சத்தம். இவர் பத்தாம் வகுப்போடு படைக்குப் போனவர். பள்ளியை விட்ட பிறகு உரக்க வாசித்ததே கிடையாது. 'கிணற்றுக்குள்' என்ற இடத்தில் தடுக்கினார். நிறுத்தி, 'கி-ண-ற்-றுக்-குள்' என்று கூட்டினார். பிறகு அந்த வரியை முதலிலிருந்து வாசித்தார்.

என் மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்பாவுக்கும் கூட்டித்தான் படிக்க வருமா?"

ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டான் என்று கணக்கில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் குரல் போகும் வேகத்துக்கு விரலை ஓட்டுவான். அவர் தடுக்கும் இடத்தில் விரலும் நிற்கும். அவர் முதலிலிருந்து தொடங்கினால் விரலும் திரும்பி வரும். ஒரு வாரத்தில் போனை அணைத்துவிட்டு அவனே வாசித்தான். 'கிணற்றுக்குள்' மட்டும் அப்பா மாதிரியே கூட்டிவிட்டு, மறுபடி வாசித்தான். நல்ல உச்சரிப்பும் நல்ல ஏற்ற இறக்கமும் உள்ள ஒருவர் வாசித்த கதையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தத் தடுமாற்றம்தான் அவனுக்குத் தைரியம் கொடுத்தது.

வயிற்றுவலி எப்போது நின்றது என்று எனக்குத் தேதி நினைவில்லை.

அவர் பக்கம் என்ன நடந்தது என்பது விடுப்பில் வந்தபோதுதான் தெரிந்தது. பாரக்கில் அவர் வாசிப்பதைப் பார்த்துவிட்டுக் கூட இருந்த ஒரு மலையாளிப் பையன், தன் மகளுக்கு ஒரு கதை வேண்டுமென்று ஊருக்குச் சொல்லிப் படம் அனுப்பச் சொன்னானாம். அப்புறம் ஒரு ஒடியாக்காரர். வாசிக்கப்போகும் நாளில் காலையிலிருந்தே மனதுக்குள் கதை ஓடிக்கொண்டிருக்கும் என்றார். "வண்டி ஓட்டும்போது வீட்டு நெனப்பு வந்தா பயமா வரும். அன்னைக்கு மட்டும் பயம் இல்லாம வரும்" என்றார். மனநல ஆலோசகரிடம் எல்லாம் பேசுகிற ஆளில்லை அவர். இந்த ஒரு வாக்கியத்தைப் பதினேழு வருடத்தில் இப்போதுதான் சொன்னார்.

ஒவ்வொரு விடுப்பிலும் முதல் பத்து நாள் பிள்ளை அவரிடம் ஒட்டமாட்டான். எங்கள் வீடுகளில் இது வழக்கமான சோகம். விடுப்பு முடியும்போதுதான் மடியில் ஏறுவார்கள். அந்தத் தடவை டிரங்குப் பெட்டியை இறக்குவதற்குள் பூனைப் புத்தகத்தோடு வாசலில் நின்றான்.

இதே அனுபவத்திலிருந்து அமெரிக்காவில் ஓர் அமைப்பே பிறந்திருக்கிறது என்று பின்னால் படித்தேன். பெட்டி மோலன்பிராக் என்ற பெண்மணி, கடற்படை மருத்துவர் ஒருவரின் மனைவி. வியட்நாம் போரிலிருந்து கணவர் திரும்பியபோது அவர்களுடைய குழந்தைக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. அவர் ஆசிரியையும்கூட. வீட்டில் யாரும் வாசித்துக்காட்டாத பிள்ளைகள் பள்ளியில் பின்தங்குவதையும் பார்த்தவர். இரண்டையும் சேர்த்து யோசித்து 1989-இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். கப்பலில் இருக்கும் அப்பா கதைப் புத்தகத்தை வாசிப்பதை வீடியோ கேசட்டில் பிடித்து, கேசட்டையும் புத்தகத்தையும் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு. இன்றும் நடக்கிறது. பிரிட்டனில் அலிசன் பேவர்ஸ்டாக் என்ற பேராசிரியை, அவரும் ராணுவ அதிகாரியின் மனைவிதான், 'ரீடிங் ஃபோர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். படைவீரர் குடும்பங்களுக்குப் புத்தகமும் ஒரு ஒட்டுப் புத்தகமும் இலவசமாகப் போகும். தாத்தா, பாட்டி, தூரத்திலிருக்கும் அப்பா என்று எல்லோரும் ஒரே கதையை வாசித்து, தோன்றியதை அந்த ஒட்டுப் புத்தகத்தில் எழுதியோ வரைந்தோ ஒட்டுவார்கள்.

இரண்டு பேரும் ராணுவ வீட்டுப் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் சங்கத்தில் இருப்பவர்களும் அப்படித்தானே?

நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தில் 2011-லிருந்து, அரசுப் பள்ளியில் படிக்கும் படைவீரர் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பள்ளிக்குத் தனியாக ஒரு தொகை போகிறது. ஆரம்பத்தில் 200 பவுண்டு. அதற்காகவே பள்ளிக் கணக்கெடுப்பில் அந்தப் பிள்ளைகள் தனியே குறிக்கப்படுகிறார்கள். அமெரிக்காவில் 2015-இல் வந்த பள்ளிக் கல்விச் சட்டம், ராணுவப் பிள்ளைகளின் தேர்ச்சியைத் தனியாகக் காட்டச் சொல்கிறது. நமக்கு இருப்பது கல்வி உதவித்தொகை. 2024 ஜனவரியிலிருந்து பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. நிறைய வீடுகளில் ஃபீஸ் கட்டுவதே அந்தப் பணத்தில்தான், அதற்கு நன்றி. ஆனால் அதை வாங்க நாங்கள் கொடுப்பது, பிள்ளை அந்த வருடம் அந்தப் பள்ளியில் படித்தது என்ற சான்றிதழ். வாசிக்கத் தெரிந்ததா என்று அந்தச் சான்றிதழ் சொல்லாது. அதற்காகப் பணத்தோடு தேர்வைக் கட்டிவிடுங்கள் என்று கேட்கவில்லை. அப்படிச் செய்தால் பிள்ளைக்குத்தான் அடி விழும். ஏசர் செய்வதுபோல எழுத்து, சொல், சின்னப் பத்தி, ஒரு பக்கக் கதை என்று நாலே படி, ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம். குடும்பம் ஒரு ராணுவ ஸ்டேஷனுக்கு வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை. அதைப் பயிற்சி பெற்ற ராணுவ வீட்டுப் பெண்களே செய்யலாம். எந்த மொழி எழுத்தில் பிள்ளை வாசிக்கிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். 130-க்கும் மேற்பட்ட ராணுவப் பள்ளிகளை நடத்தும் கல்விச் சங்கம் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தால், இரண்டு மூன்று வருடத்தில் இந்த நாட்டுக்கே புதிதான ஓர் ஆய்வு கையில் இருக்கும்.

அந்த ஆய்வு குவார்ட்டர்ஸோடு நின்றுவிடக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். இடமாற்றத்தால் பிள்ளைகள் படிப்பு கெடக் கூடாது என்றுதான் 1963-இல் 20 ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்துக்கொண்டு இன்றைய கேந்திரிய வித்யாலயாக்களைத் தொடங்கினார்கள். எங்கே போனாலும் ஒரே பாடம், ஒரே புத்தகம். நல்ல ஏற்பாடு. 1983-இல் வந்த உங்கள் கல்விச் சங்கமும் அப்படித்தான். ஆனால் இவையெல்லாம் கணவனோடு சேர்ந்து ஊர் மாறும் குடும்பத்துக்காக யோசித்தவை. பீல்டு போஸ்டிங் வந்தால் எங்களில் நிறையப் பேர் கிராமத்துக்குத் திரும்பிவிடுகிறோம். மாமியார் இருக்கிறார், நிலம் இருக்கிறது, வாடகை இல்லை. பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் தனியாக இருக்கப் பயப்படுகிற பெண்கள் உண்டு. அப்பா கிட்டேயே இல்லாத அந்த இரண்டு வருடத்தில்தான் பிள்ளை உங்கள் பள்ளிக்கும் உங்கள் கூட்டத்துக்கும் வெளியே போய்விடுகிறது. புது ஊர், புது எழுத்து. ஆபத்து அதிகம் இருக்கும் இடத்தில் கண் இல்லை. பல மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பென்ஷன் வேலைக்கு எல்லோரும் போகிற இடம். ஊருக்குத் திரும்பும் குடும்பத்தின் பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தது என்று அந்த அலுவலகம் கேட்டு, அந்தப் பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாலே போதும்: 'இந்தப் பிள்ளையின் தந்தை எல்லையில் இருக்கிறார். இதுவரை இந்த மொழியில் படித்தது. தமிழ் எழுத்து புதிது.' என் மகனுக்கு அப்படி ஒரு கடிதம் இருந்திருந்தால் 'மந்தம்' என்ற அந்த ஒரு சொல் அவன் காதில் விழுந்திருக்காது.

தாய்மொழி எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸில் இருக்கும்போதே வாரத்தில் இரண்டு மணி நேரம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ், ஒடியாப் பிள்ளைகளுக்கு ஒடியா, பஞ்சாபிப் பிள்ளைகளுக்குப் பஞ்சாபி என்று எழுத்துக் காட்ட அந்தந்த மொழிப் பெண்களையே அமர்த்தலாம். எல்லா மொழிக்காரிகளும் அங்கே இருக்கிறோம், பகலில் நேரமும் இருக்கிறது. பாட்டிக்கு ஒரு வரி எழுதத் தெரியாத பிள்ளை, பாட்டி வீட்டில்தான் இரண்டு வருடம் இருக்கப்போகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது குரல் பதிவு. இதில் பாதுகாப்புச் சிக்கல் இருப்பது எனக்குத் தெரியும். 2020-இல் 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கும்படி ராணுவம் சொன்னபோது அவரும் நீக்கினார். எல்லைக் காவல் போஸ்டுகளில் போனை எடுக்கவே முடியாத இடங்களும் உண்டு. அதனால்தான் இதை ஜவான்களின் சொந்த முயற்சியாக விடாமல் யூனிட்டே நடத்த வேண்டும் என்கிறேன். போகும் வழியில் ஜவான்கள் தங்கும் டிரான்சிட் கேம்பில் ஒரு சின்ன அறை, ஒரு ரிக்கார்டர், எல்லா மொழியிலும் ஒரு பெட்டி சிறுவர் புத்தகங்கள். கதையைத் தவிர வேறு பேச்சு இல்லாத பதிவு என்பதால் சரிபார்ப்பதும் சுலபம். சரிபார்த்து, யூனிட்டே வீட்டுக்கு அனுப்பலாம். எல்லையில் இருப்பவரின் குரலும் அவர் கையில் இருந்த அதே புத்தகமும் சேர்ந்து வந்தால்தான் பிள்ளை விரலை ஓட்ட முடியும். புத்தகத்துக்குப் பெரிய செலவு கிடையாது. 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில், படத்தோடு, நிலை வாரியாகக் கதைகள் இலவசமாக இருக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு.

கூச்சப்படும் ஜவான்கள் இருப்பார்கள். வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் அதிகம் கூச்சப்படுவார்கள். அவர்களிடம் என் வீட்டுக்காரர் 'கிணற்றுக்குள்' வாசித்த கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

கடைசியாக இடமாற்றம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் தேர்வு முடியும்வரை குவார்ட்டர்ஸை வைத்துக்கொள்ள ராணுவத்தில் இடம் கொடுக்கிறார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்த வருடம் முடியும்வரை இடம் கிடைக்கக் கேளுங்கள். எழுத்து பிடிபடும் நேரத்தில் நடுவருடத்தில் பிடுங்கி நட்டால் பிள்ளை தேற ரொம்ப நாளாகிறது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும் என்று மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2026-27-ஐ இலக்காக வைத்திருக்கிறது. அந்த 'எல்லாப் பிள்ளை'யில் எங்கள் பிள்ளைகளும் உண்டு.

இப்போது அவர் மறுபடியும் மேலே இருக்கிறார். மகன் தமிழும் ஆங்கிலமும் வாசிக்கிறான், இந்தியை விடவில்லை. சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வருகிறார்கள். ராணுவம், சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். நான் பாடம் நடத்துவதில்லை. அவரவர் அப்பா அனுப்பிய பதிவைப் போடுவேன், புத்தகத்தைக் கையில் கொடுப்பேன். இந்த ஒரு கைப்பிடிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. அதற்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு சின்னப் பெண் வந்தாள். முதல் வகுப்பு. அப்பா ராஜஸ்தான் எல்லையில், பிஎஸ்எஃப். அவளுடைய அப்பாவுக்கு இன்னும் புத்தகம் போய்ச் சேரவில்லை, அதனால் அவளுக்குப் போட ஒன்றுமில்லை. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மனைவி,
கண்ணமங்கலம் அருகிலிருந்து.